ஏரி தெரியும் பக்கம்

அம்பத்தூரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது என் கட்சி. இப்போதும் அதில் மாற்றமில்லை. தகரக் கூரை, கேபிள் ஒயர், புகை. என் மகள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, உயரமான இடம் எதைக் கண்டாலும் ஏறி நின்று ஊரைப் பார்க்க வேண்டும் என்று அலைந்தாள். பூந்தமல்லி மேம்பாலம், ஆவடியில் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்தும் மாடி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருந்தாள். முதலிடம், மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு. மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் தலைக்கு இரும்பு ஏணியில் ஏறினால் ஏரி முழுதாகத் தெரியுமாம்.

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். பிறகு அவளுக்குத் தெரியாமல் அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். குழந்தைகளின் பாதுகாப்பு கருதி மாடிக் கதவைப் பூட்ட வேண்டும் என்று. செக்ரட்டரி சட்டம் பேசுவதில் சுகம் காண்பவர். மாலை ஆறு மணிக்குப் பூட்டு, காலையில் திறக்கும்வரை சாவி அவரிடம் மட்டும் என்று தீர்மானமாயிற்று. "துணி காயப்போடுற எங்க வயித்தெரிச்சல் உங்கள சும்மா விடாது சார்," என்று இரண்டாம் மாடிப் பெண் லிஃப்டில் முகத்துக்கு நேரே சொன்னார்.

பூட்டு தொங்கிய முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடிதம் எழுதியது யார் என்று அன்று பிற்பகல் மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"மூஞ்சிக்கு நேரா சொல்ல தைரியமில்ல. ஒளிஞ்சு எழுதியிருக்க," என்றாள். கதவை அறைந்துவிட்டுப் போனாள். தோழி வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். என் மனைவி வேப்பம்பட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஆறரை மணிக்கு மகளிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். வெளியே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. போன் நான்கு முறை அடித்தது. நான்காவது முறை போனைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

கால் மணி நேரத்தில் வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்தார். "சார், உங்க பொண்ணு பக்கத்து பில்டிங்லேர்ந்து எறங்கி வருது."

"அங்க எதுக்குப் போனா?"

"போவல சார். மாடிலேர்ந்து தாண்டிகீது."

பக்கத்துக் கட்டடம் பாதியில் நிற்பது. இரண்டுக்கும் நடுவில் நான்கடி இடைவெளி. ஐந்து மாடி உயரம்.

"பூட்டறதுக்கு முன்னாடி கொரல் குட்த்தேன் சார், யார்னா கீறீங்களான்னு. பாப்பா காதுல ஹெட்போன் மாட்டிகினு தொட்டி மேல குந்திகினு இருந்துருக்கு. செக்ரட்டரி சாவிய வாங்கிகினு மாங்காடு கோயிலுக்குப் போய்ட்டாரு. அவரு போனும் சுவிட்ச் ஆஃப். மின்னலுக்கு பயந்து தாண்டிகீது."

அவர் பின்னால் அவள் வந்தாள். உள்ளங்கை உரிந்திருந்தது. முழங்காலில் சிமெண்டுத் தூள். கவிழ்ந்து கிடந்த போனை ஒரு முறை பார்த்துவிட்டு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

எட்டு மணிக்கு, நெற்றியில் குங்குமத்தோடு செக்ரட்டரி வந்தார். "உங்க பொண்ணு விதியை மீறியிருக்கா."

"பூட்டை எடுங்க."

"எப்படி எடுக்கறது? எழுதிக் குடுத்ததே நீங்கதானே. எடுக்கணும்னா அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு லெட்டர் குடுங்க."

மறுநாள் காலை சுத்தியலோடு மேலே போனேன். இரண்டாம் மாடிப் பெண் ஈரத்துணி வாளியோடு படியில் நின்றிருந்தார். "சாவி கேட்டா, பூஜைல இருக்கேங்கறாரு. இன்னும் ரெண்டு போடு போடுங்க சார்," என்றார். நான்காவது அடியில் பூட்டு தெறித்தது.

நேராக அந்த இடைவெளிக்குப் போனேன். கீழே உடைந்த செங்கல், கம்பி, தேங்கிய பழைய மழைத்தண்ணீர். இந்தப் பக்கக் கைப்பிடிச் சுவரின் மேல் அவள் செருப்பின் சேற்றுத் தடம் ஒன்று, பாதி. முன்பாதம் மட்டும்.

எவ்வளவு நேரம் நின்றேனோ.

"ஏரி அந்தப் பக்கம் இல்ல," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முந்தைய நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. "போன எடுத்திருந்தா நான் ஏன் தாண்டப்போறேன்?"

"தெரியும்."

"இந்தப் பக்கம் வா."

திரும்பினேன். ஏரி இருந்திருக்க வேண்டும்; நான் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். அவள் கை கொடுக்கவில்லை. இறங்கியும் போகவில்லை.