ராகு காலத்தில் ஊர் சுற்றிக் காட்டாதீர்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் என் கண் முன்னாலேயே கடலில் விழப் பார்த்தது. நிஜக் கடல்தான். மெரினா!

பெண் பெயர் மல்லிகா. திருவல்லிக்கேணியில் என் பக்கத்து வீடு. அப்பா சபாபதி, துறைமுகத்தில் கிளார்க். மாப்பிள்ளை என் சொந்த ஊரான உத்திரமேரூரில் ஸ்கூல் வாத்தியார். அவருடைய அப்பா தணிகாசலம் எனக்குத் தூரத்து மாமா. நஞ்சை, புஞ்சை, கொஞ்சம் வீறாப்பு, எல்லாம் உண்டு. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவைப் பார்த்து மல்லிகா சிரித்ததை நானே பார்த்தேன். அந்தச் சிரிப்பு வீணாகிவிடக் கூடாதே என்று எனக்கு ரொம்பக் கவலை.

பெண் பார்க்கக் குறித்த நேரம் சாயங்காலம் ஆறுக்கு மேல். ஆனால் மாப்பிள்ளையும் மாமாவும் வந்த பஸ் அன்றைக்குப் பார்த்து சீக்கிரம் வந்து தொலைத்தது. (நாம் அவசரமாகப் போகும்போது என்றைக்காவது வந்திருக்கிறதா?) நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அந்த நேரத்தில் பெண் வீட்டு வாசற்படியை மிதிக்கலாமா? கூடவே கூடாது!

"அதுவரைக்கும் பீச்சைச் சுத்திக் காட்டறேன், வாங்க" என்றார் சபாபதி. ராகு காலத்தில் பெண் பார்க்கக் கூடாது என்று தெரிந்த மனுஷருக்கு, ஊர்ப் பெருமை பேசக் கூடாது என்று தெரியவில்லை பாருங்கள்...

முதலில் உழைப்பாளர் சிலை.

"எத்தினி வருசம் ஆவுது?" என்று கேட்டார் தணிகாசலம் மாமா.

"அம்பத்தொம்பதுல வெச்சாங்க. இருபது வருஷம் இருக்கும்ங்க."

"எங்க வூட்டு மாட்டுக் கொட்டாயே அதவிடப் பளசு."

சபாபதி விடுவாரா? ஐஸ் ஹவுஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கொண்டுவந்து இங்கேதான் வைத்தார்கள் என்று ஏதோ தானே மூட்டை தூக்கி இறக்கியதுபோல விவரித்தார்.

"ஐசு இன்னும் கீதா?"

"அது எப்பவோ கரைஞ்சு போச்சுங்க."

"எங்க ஊரு கோயில் சுவத்துல ஆயிரம் வருசத்துக்கு மின்னாலயே எலக்சன் சட்டம் வெட்டி வெச்சிகீறாங்க. கொடத்துல ஓலை போட்டு ஆளு எடுத்த ஊரு. அந்தக் கல்லு இன்னும் கரையலீங்களே!"

சபாபதியின் முகம் சிவந்தது. "கல்லு இருந்து என்னங்க? ஊருக்குள்ள பஸ்ஸே ஒழுங்கா வராதாமே" என்றார். போச்சு! நான் அவசரமாகச் சுண்டல் வாங்கி ஆளுக்கொரு பொட்டலம் நீட்டினேன். இருவரும் வாங்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் வாங்கிக்கொண்டு மணலைப் பார்த்தபடி நடந்தார்.

ஆறு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினோம். உள்ளே போய் மல்லிகாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்லா சுத்திக் காட்டினாரு அப்பா" என்று பல்லைக் கடித்தாள்.

கூடத்தில் கேசரி இருந்தது, பஜ்ஜி இருந்தது, பேச்சுதான் இல்லை. மல்லிகா காபி கொடுத்தாள். நமஸ்காரம் செய்தாள். மாமா பாதி டம்ளரிலேயே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரிங்க... ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்."

அந்த லெட்டர் என்றைக்காவது யாருக்காவது வந்திருக்கிறதா, சொல்லுங்கள்? மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார், மல்லிகாவைப் பார்த்தார். பாவம், அப்பா பின்னாலேயே எழுந்தார். எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"மாமா, ஒரு சந்தேகம்" என்றாள் மல்லிகா.

எல்லோரும் திரும்பினோம்.

"உங்க ஊர்க் கல்வெட்டைப் பத்தி ஸ்கூல்ல படிச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வயசு ஆனாத்தான் குடத்துல பேர் போட முடியுமாமே? உங்க பிள்ளைக்கு இருபத்தெட்டுதான் ஆகுது. அப்ப நீங்க குடத்துல ஓலை போட்டு முடிவு பண்ணி லெட்டர் போட இன்னும் ஏழு வருஷம் ஆகுமா?"

சபாபதிக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் பெண் பேசுவதா? அதுவும் இப்படியா?

தணிகாசலம் மாமா அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்... துண்டு நழுவிக் கீழே விழுகிற அளவுக்குச் சிரிப்பு!

"யப்பா! எங்க ஊரு சட்டத்த எங்களாண்டயே திருப்புதே இந்தப் பொண்ணு! லெட்டரும் வாணா, ஒண்ணும் வாணா. தட்டு மாத்திக்கலாங்க, இன்னா சொல்றீங்க?"

சபாபதி என்ன சொல்வார்? கண்ணைத் துடைத்துக்கொண்டே பூவுக்கும் வெற்றிலைக்கும் என்னைக் கடைக்கு விரட்டினார். தையில் கல்யாணம்.

மறுநாள் காலை பால் பூத் வரிசையில் சபாபதியின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "என் பொண்ணு வாழப்போற ஊர் சாதாரண ஊர் இல்ல சார். ஆயிரம் வருஷம்!" ஊர்ப் பெருமையும் ஒட்டுவாரொட்டிதான் போலிருக்கிறது. சம்பந்தியானால் கட்டாயம் ஒட்டிக்கொள்ளும்.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தணிகாசலம் மாமாவைச் சுற்றி ஒரு கூட்டம். மாமா யாரையோ பிடித்து மிரட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க சம்பந்தி வூட்டாண்ட சமுத்திரமே கீது. இந்த ஊர்ல இன்னாயா கீது?"