அவர் எடுக்கிறார்

கயிறிழுத்தல் என்றால் உற்சாகத்தில் எனக்குத் தலைகால் புரியாது. வருஷப்பிறப்பு விளையாட்டுக்கு எங்கள் அச்சுவேலி மாதர் சங்கத்தின் அணியைச் சேர்ப்பதும், ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தி இழுக்க வைப்பதும் நான்தான். போன வருஷம் பக்கத்து ஊராரிடம் மண் கவ்வினோம். இந்த வருஷம் விடுவதில்லை என்று மாசி மாதமே பின்னேரங்களில் பழகத் தொடங்கிவிட்டோம்.

எங்கள் பலம் கயிற்றின் கடைசி ஆள். வெங்காயத் தோட்டம் செய்கிறவள். கயிற்றை இடுப்பில் சுற்றிக் காலை ஊன்றினாளென்றால் அசைக்க முடியாது. ஆனால் பழகும்போது பாதியில் கயிற்றைப் போட்டுவிட்டு, போனோடு வேலிக்கரைக்குப் போய்விடுவாள். கணவனுக்குக் கட்டாரில் வேலை. "அவர் எடுக்கிறார்" என்பாள்.

வெளிநாட்டிலிருக்கும் புருஷன் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. பாதி ஊர் போனில்தான் குடும்பம் நடத்துகிறது. நாங்களும் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லித் தள்ளிப் போவோம். அவள் கண் திரையிலேயே இருக்கும், விரல் ஓடும், வாய் அசையாது. எழுதிக் கதைக்கிறார்களாக்கும் என்று கண்ணடித்துச் சிரிப்போம். கட்டி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இப்படியா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

ஒருநாள் அவள் அப்படி வேலிக்கரையில் நிற்கையில் என் போன் அடித்தது. எடுத்தால், அவளுடைய கணவன்.

"அக்கா, இவள் இப்ப என்னோடை ஒழுங்காக் கதைக்கிறாளில்லை. எப்ப எடுத்தாலும் வேலையெண்டு வைக்கிறாள். சுகமில்லையோ?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக மரியாதை கெட்டு வேலிக்கரைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு வண்ணச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. காசு கட்டி ஆடும் விளையாட்டு.

அவள் மறைக்கவில்லை. "முதல் கொஞ்சக் காசு வெண்டனான் அக்கா. பிறகு விட்டதைப் பிடிப்பமெண்டு போட்டுப் போட்டு, அவர் வீடு கட்ட அனுப்பினதெல்லாம் போச்சு."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வாய் நிறையத் திட்டு இருந்தது. ஆனால் கயிற்றில் எவராலும் அசைக்க முடியாத அவள், வேலியோரம் அப்படியே குந்திவிட்டாள். இத்தனை நாளும் அவளைத் தனியே விட்டுத் தள்ளிப் போனது நாங்கள்தானே.

அடுத்த நாளே இருவரும் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கு ஆலோசனை சொல்லும் இளம்பிள்ளை, எவ்வளவு போனது என்று கேட்கவில்லை. நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். அதற்கே இவள் விம்மி அழுதாள். பிறகு கிழமைதோறும் போனோம். வங்கி அட்டையை அவளாகவே என்னிடம் தந்தாள். அணிக்கும் அவளே சொன்னாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தன் தம்பியும் இப்படித்தான் ஓட்டோவை இழந்தான் என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

கணவனிடம் சொல்வதுதான் மிச்சம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். தன்னை விட்டுவிடுவார் என்ற பயம்.

வருஷப்பிறப்பன்று கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரே அதே பக்கத்து ஊரார். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. கயிற்றைத் தூக்கப் போகும் நேரம் அவள் போன் அடித்தது. "அவர் எடுக்கிறார்" என்றாள். இந்த முறை உண்மையாகவே அவர்தான். பழக்கதோஷத்தில் எல்லோரும் தள்ளிப் போனோம்.

"போகாதேங்கோ," என்றாள். "எல்லாரும் கிட்ட நில்லுங்கோ."

நின்றோம். ஒன்றையும் விடாமல் அவரிடம் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கவும் நடுவர் எங்களைக் கூப்பிட்டார்.

"வைச்சுப்போடாதேங்கோ. இழுத்துப்போட்டு வாறன்," என்று அவரிடம் சொல்லி, போனை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அவர் வைத்துவிட்டாரா என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை. காதில் வைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

விசில் ஒலித்தது. கயிறு எங்களை விட்டு நகரத் தொடங்கியது. என்ன நடக்கிறது என்று கேட்டார். இழுபடுகிறோம் என்றேன்.

"நான் லைனிலை நிக்கிறன் எண்டு அவளுக்குச் சொல்லுங்கோ, அக்கா."

மைதானம் முழுக்கக் கேட்கக் கத்திச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், காலை ஊன்றினாள். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி எங்கள் பக்கம் வரத் தொடங்கியது.