வருஷம் திரும்பும் வரை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகன் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் போன மாதம் பெற்றோர் கூட்டம் நடந்தது. கைப்பேசியையும் கூட்டாளிகளின் வற்புறுத்தலையும் பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள், வீட்டில் நாம் என்ன செய்கிறோம் என்று ஆலோசகர் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் கேட்டார். என் முறை வந்தபோது நான் எழுந்து நின்றேன். பேச்சு வரவில்லை. "பரவால்லீங்க, எழுதிக் குடுங்க" என்றார். அதற்காகத்தான் இது.

கூலாய் டவுனில் ஒரு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்பதைத் தவிர நான் அதிகம் பேசுவதில்லை.

போன வருஷம் என் மனைவி சிறுநீரகக் கோளாறில் இறந்தாள். பதினாறாம் நாள் மகனுக்கு நானே மொட்டை அடித்தேன். வேறு ஆளைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. அவன் அழவில்லை, நானும் அழவில்லை. அந்த மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனவனை வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள். நான்கு பையன்கள்தான் அதைத் தடுத்து, அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே கருமாதிக்கு வந்து நாற்காலி தூக்கிப் போட்டவர்களும் அவர்கள்தான். அவர்களைக் கெட்ட பிள்ளைகள் என்று நான் சொல்லமாட்டேன்.

அவன் முடி ஓரளவு வளர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை நால்வரும் அவனோடு கடைக்கு வந்தார்கள். காதுக்கு மேலே இரண்டு கோடு, அவற்றுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அது கைப்பேசியில் அவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவின் அடையாளமாம். நான்கு பேருக்கும் போட்டேன். காசு கொடுக்கிறவர்களிடம் நான் ஏன் என்று கேட்பதில்லை. கடைசியாக மகன் உட்கார்ந்தான். உயரமான பையன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான்.

"மச்சான், லைவ் போறோம். அப்பா கையால கோடு. சிரிடா!"

"அங்கிள், நல்லா ஆழமா போடுங்க லா. கட்டொழுங்கு வாத்தியாருக்குத் தூரத்திலேயே தெரியணும்."

எல்லாரும் சிரித்தார்கள், மகனும்தான். ஆனால் துணிக்குக் கீழே அவன் கைகள் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தன. அவன் கழுத்தை அவன் குழந்தையாக இருந்ததிலிருந்து எனக்குத் தெரியும். பயந்தால் பிடரியில் இரண்டு நரம்பு எழும்பி நிற்கும். மிஷினை வைக்க இடமில்லாமல் அவை நின்றன.

நான் மிஷினை நிறுத்தினேன்.

"இவனுக்குப் போட முடியாது. அவன் அம்மாவுக்கு இன்னும் வருஷம் திரும்பல. அதுவரைக்கும் தலையில கோடு கீடு எதுவும் ஆகாது."

உயரமான பையன் கைப்பேசியை இறக்கினான். "அலமாக்... சோரி அங்கிள். தெரியாது."

அப்படி ஒரு பழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. வருஷம் திரும்பும் வரை பண்டிகை கொண்டாடமாட்டோம், கல்யாணத்துக்குப் போகமாட்டோம், அவ்வளவுதான். மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. வீட்டிலும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவனே அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டான். காலிக் கடைவீட்டில் புகை இழுக்கக் கூப்பிட்டபோது, "வருஷம் திரும்பலடா, கும்பல்ல உக்காரக்கூடாதாம்" என்று கைப்பேசியில் சொன்னது என் காதில் விழுந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் மோட்டார் சைக்கிள் மேல் நின்றுகொண்டே ஆடிப் படம் எடுக்கக் கூப்பிட்டபோதும் அதே பதில். வகுப்புப் பெண் ஒருத்தியின் படத்தை எல்லாரும் கேலி எழுதி அனுப்பினார்கள், இவன் மட்டும் அனுப்பவில்லை. அதற்கும் அம்மாதான் காரணம் என்றான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. குழுவிலும் இருந்தான். இறந்த பிறகும் என் மனைவிக்கு வேலை இருந்தது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கோயில் பண்டாரம் தலைத்திவசத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அன்று சாப்பிடும்போது மகன் கேட்டான்.

"அப்பா, இதைத் தள்ளிப் போட முடியாதா?"

"திதியை எப்படிடா தள்ளிப் போடுறது?"

"சும்மா கேட்டேன்."

அம்மா நினைப்பு என்று முதலில் எண்ணினேன். தட்டைக் கழுவும்போதுதான் புரிந்தது. திவசம் முடிந்துவிட்டால் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அடுத்தது என்ன சொல்லலாம் என்று நானும் யோசித்தேன்.

புதன்கிழமை திவசம் கொடுத்தோம். சனிக்கிழமை நால்வரும் வந்தார்கள். மகன் கடையில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"வருஷம் முடிஞ்சிருச்சு லா. உக்காரு மச்சான்."

மகன் உட்கார்ந்தான். நான் துணியைப் போர்த்தினேன். மிஷின் பழுது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒருவருக்கு அதே மிஷினால் அப்போதுதான் வெட்டி முடித்திருந்தேன்.

"கோடு வேணாம்டா" என்றான் மகன்.

"ஏன்? இப்போ என்ன சாக்கு?"

"சாக்கு இல்ல. பிடிக்கல."

"அப்பாவுக்குப் பயமா?"

"அவர் ஒண்ணும் சொல்லலயே. நான்தான் சொல்றேன்."

உயரமான பையன் கைப்பேசியை எடுத்தான். "இதை லைவ்ல சொல்லு பாப்போம். பயந்தாங்கொள்ளின்னு நாங்க சொன்னா கோவிச்சுக்கக்கூடாது."

"எடு. பிடிக்கலன்னு சொன்னேன், அதையே போடு."

நரம்புகள் அன்றும் எழும்பித்தான் நின்றன. ஒருவன் "கருமாதிக்கு நாங்கதான்டா வந்தோம்" என்றான். மகன் "தெரியும்" என்றான். அவர்கள் போய்விட்டார்கள். நான் எப்போதும் போல வெட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கைப்பேசியை என்னிடம் காட்டினான். அவன் பேசிய காணொளிக்குக் கீழே நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். முட்டை பொரிக்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றான்.

ஆசிரியை, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருப்பது இதுதான். நான் ஒரு பொய்தான் சொன்னேன். அது கொஞ்ச நாள் தாங்கியது. அதற்குள் அவன் வளர்ந்துவிட்டானா, நல்லது நடந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. நேற்று பள்ளி விட்டு வந்தவனிடம், ஓய்வு நேரத்தில் யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டேன். "தனியாத்தான்" என்றான். நீங்கள் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போனால் அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலாய், செவ்வாய்க்கிழமை, 12 ஆகஸ்டு 2025.