முனிரத்தினம் சொல்லாத சாரி

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் டிரைவர் முனிரத்தினம். கண்டக்டர் வேலையில் ஒரு நாளைக்கு நூறு சாரி காதில் விழும். நெரிசலில் நின்றே போய்வரும் உங்களுக்கும் அது தெரியும். அவன் வாயிலிருந்து மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

ரேணிகுண்டாவில்

திருப்பதியிலிருந்து நகரி போகிற வண்டி. டைம் கீப்பரிடம் கையெழுத்துப் போட ரேணிகுண்டாவில் இறங்கினேன். பின் சீட்டில் எவனோ "ரைட் ரைட்" என்றான். முனிரத்தினம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டான். டிக்கெட் மெஷின் என் தோளில். வழியில் செக்கிங் ஏறி, டிக்கெட் இல்லாத மூன்று பேரைப் பிடித்தார்கள். மெமோ என் பேருக்கு.

ஷேர் ஆட்டோ பிடித்துப் புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தேன். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். "இன்னாண்ணே, எங்க போய்ட்ட? எவ்ளோ நேரமா காத்துக்கினு கீறேன்."

காலேஜ் பெண்

என் கால்மேல் ஏறி நின்று சாரி சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றபடி போன் பேசினாள். "சாரி சொன்னியே, காலை எடும்மா" என்றேன்.

"எடுத்து எங்க அங்கிள் வைக்கிறது?"

டிப்போவில்

மெமோவை ரத்து செய்யச் சொல்லிப் போனேன். கிளார்க் சாரி என்றான். கிளம்பு என்று அர்த்தம். நான் கிளம்பவில்லை. அப்புறம்தான் வழி சொன்னான்.

"தப்பு தன்னுதுன்னு அந்த டிரைவரே எழுதிக் குடுத்தா பாக்கலாம்ணா."

சட்டை

புத்தூர் தாண்டியதும் ஒரு குழந்தை என் சட்டைமேல் வாந்தி எடுத்துவிட்டது. அதன் அம்மா, கூலி வேலைக்குப் போய்வருகிறவள், அந்த வார்த்தையே சொல்லவில்லை. முந்தானையால் துடைத்தாள். இறங்கும்போது கையை நீட்டினாள். அவள் கேட்டதில் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"சட்டையக் கழட்டிக் குடு நைனா. தொவச்சி நாளைக்கு இதே பஸ்ல எடுத்தாரேன்."

மாலை போட்ட அன்று

போன மாதம் முனிரத்தினம் ரிட்டையர் ஆனான். மாலையோடு நேராக என்னிடம் வந்தான். எழுதிக் கொடுக்கத்தான் வருகிறான் என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டான். மெமோவை ஞாபகப்படுத்தி, சாரியாவது சொல்லேன்டா என்றேன். முதுகில் தட்டிச் சிரித்தான்.

"நமக்குள்ள இன்னாண்ணே சாரி?"

முகம் தெரியாதவர்கள் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டேன், பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியவன் தரவேண்டிய ஒன்றுதான் இன்னும் பாக்கி.