மலைகள் துள்ளிய லத்தீன் சங்கீதம்

தில்லி கிட்வாய் நகரில் எங்களுக்கு மேல் மாடி வீட்டில் தூத்துக்குடிக் கத்தோலிக்க அக்கா ஒருத்தி இருந்தாள். அமைச்சகத்தில் ஸ்டெனோ. எழுபதுகளின் கடைசியில் அவள் போகும் கோயிலின் பெல்ஜியம் நாட்டுச் சாமியார் ஓய்வு பெற்று ஊர் திரும்பவிருந்தார். வழியனுப்பு நாளின் மாலை வழிபாட்டில், அவர் இளமையில் பாடிய பழைய லத்தீன் சங்கீதம், அதாவது பைபிள் துதிப்பாட்டு, ஒன்றைப் பாடுவதென்று முடிவு செய்தார்கள். பூசை இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி வெகுநாளாகியிருந்ததால், பாட்டுக்குழுவில் அது தெரிந்தவள் அக்கா மட்டும்தான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் குரல் போதவில்லை என்று கர்நாடக சங்கீதம் கற்ற என்னைப் பிடித்தாள்.

"நேக்கு லத்தீன் தெரியாதே அக்கா."

"தெலுங்கு தெரிஞ்சா நீ கீர்த்தனை பாடுத? தமிழ்ல எழுதித் தாரேன், வா."

அவள் சமையலறையில் ஒத்திகை நடந்தது. தாளமே கிடையாது. வரி முழுவதையும் ஒரே சுரத்தில் சொல்லிக்கொண்டு போய், முடிவில் மட்டும் கொஞ்சம் இறங்க வேண்டும். என் தொண்டைக்கோ ஒரு சுரத்தில் அசையாமல் நிற்கத் தெரியாது.

"ஏட்டி, ஆட்டாத! நேரா நில்லு."

"நான் ஆட்டலை. அதுவா ஆடறது."

அர்த்தம் கேட்டேன். இஸ்ரயேல் மக்கள் எகிப்தை விட்டு வெளியேறியபோது மலைகள் ஆட்டுக்கிடாய்களைப் போலத் துள்ளினவாம்.

"மலையே துள்றது, நான் ஆடினா தப்பா?"

"மலை துள்ளட்டும். நீ துள்ளாத."

வழியனுப்பு நாளன்று கோயிலின் முன்வரிசையில் சாணக்யபுரி தூதரகத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலைகள் வரும் வரிவரை ஒழுங்காகத்தான் பாடினேன். அங்கே ஒரு நெடில் வந்தது. தொண்டை நழுவி ஒரு பிருகா உருண்டது. கை தன்பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டது. மற்றவர்கள் வரியை முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அக்கா இடுப்பில் கிள்ளினாள். கிள்ளிய வேகத்தில் மேல் ஷட்ஜத்துக்கே போய்விட்டேன்.

சாமியார் தலை குனிந்திருந்தார். தோள்கள் குலுங்கின. அழ வைத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

வழிபாடு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது. "மகளே, ஐம்பது வருஷமாகப் பாடுகிறேன். மலைகள் இன்றைக்குத்தான் துள்ளின" என்றார் இந்தியில்.

"ஐ டிரெயின்டு ஹெர், ஃபாதர்" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் என்னைப் பாடக் கூப்பிட்டுக் குழுவிலிருந்து ஆள் வந்தது. வாசலிலேயே அக்கா மறித்துப் பதில் சொல்லிவிட்டாள், எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறதென்று.