நைட்டி என்று எழுதிக் கொடுத்தேன்

எங்கள் ஊரப்பாக்கத்துத் தெருவில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். பால் வாங்க, குப்பை கொட்ட, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்ற என்று வருகிற பெண்களில் பாதிப் பேர் நைட்டியில்தான் இருப்பார்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டால் தீர்ந்தது, ரேஷன் கடை வரைக்கும் போய் வரலாம். பெயரில் மட்டும்தான் ராத்திரி. இந்த ஒரு சொல்லால் என் அக்காவின் கடையை நான் கெடுத்தேன்.

துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்கத்தில் தாள் எழுதிக் கொடுக்கிற ஏஜென்சி ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். பெட்டிக்குள் இருப்பது என்ன, அதற்குச் சுங்கப் புத்தகத்தில் எந்த எண் என்று பார்த்து எழுத வேண்டும். எண் மாறினால் வரி மாறும். தெரியாமல் மாற்றினாயா, தெரிந்தே மாற்றினாயா என்ற கேள்வியும் கூடவே வரும்.

அக்கா கோவளத்தில் ஒரு ஓட்டலில் விருந்தாளிகளின் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற சாலையில் கடை பிடித்தாள். வெளிநாட்டுக்காரிகளுக்கு எந்தத் துணி பிடிக்கும் என்று தன்னைவிட யாருக்குத் தெரியும் என்பாள். நிஜம்தான், அத்தனையையும் தேய்த்தவள் அவள்தானே. தாய்லாந்திலிருந்து பன்னிரண்டு பெட்டி வரவழைத்தாள். டிசம்பருக்குள் சரக்கு வைத்துத் திறக்காவிட்டால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடத்துச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

விற்றவன் பில்லில் பெண்கள் பருத்தி உடை என்று மட்டும் போட்டிருந்தான். வேலைக்குக் கிளம்புமுன் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இன்னா துணிக்கா அது?"

"நைட்டிதான்டி. தொளதொளன்னு கால் வரைக்கும் இருக்கும். வெள்ளைக்காரிங்க அத்த போட்டுகினு கடலுக்கே போவாங்க."

போட்டோவும் அனுப்பினாள். கழுத்தில் சுருக்கு, கணுக்கால் வரை நீளம், பூப்போட்ட காட்டன். அதே மாதிரி ஒன்றை அந்த நேரம் நானே போட்டிருந்தேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆபீசுக்குப் போய் இரவு உடைக்கான எண்ணை எழுதிவிட்டேன்.

கிடங்கில் பெட்டியைத் திறந்த அதிகாரி ஒரு பையை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே இருந்த அட்டைப் படத்தில் தொப்பி போட்ட ஒருத்தி மணலில் நடந்துகொண்டிருந்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டுத் தூங்குவாங்களா மேடம்?"

"எங்க பக்கம் இதுக்குப் பேரே நைட்டிதான் சார்."

"உங்க பக்கம் இருக்கட்டும். இங்க நைட்டின்னா படுக்கும்போது போடுறது. இது கவுன். கவுனுக்கு வரி ஜாஸ்தின்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும்.

மறுநாள் விசாரணைக்குக் கூப்பிட்டார். நைட்டி என்று எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் சார், என் புத்தி அப்படிப் போச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சுங்கத்துக்குள் நுழைகிற என் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். பாவி நான், பயந்துவிட்டேன்.

"எங்க அக்காதான் சார் சொன்னாங்க. கடலுக்குப் போட்டுக்கிட்டுப் போவாங்கன்னும் சொன்னாங்க."

அவர் பேனா நின்றது. "அப்போ வெளிய போடுற துணின்னு அவங்களுக்குத் தெரியும்?"

"தெரியும் சார்."

அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தே பொய்ப் பெயர் சொல்லி அக்கா வரியை ஏய்க்கப் பார்த்தாள் என்றுதான் அந்தத் தாள் பேசும். திரும்ப ஓடினேன். "எழுதினது எழுதினதுதாம்மா" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

சரக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மனு மேல் மனு போட்டேன், பார்த்தவர்கள் காலில் எல்லாம் விழாத குறை. திருக்கழுக்குன்றத்து மலையேறி அழுதுவிட்டும் வந்தேன். டிசம்பர் போயிற்று. பொங்கலுக்கு அந்தக் கடையில் வேறு யாரோ கிளிஞ்சல் மாலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பிறகு சுங்கத்தின் உத்தரவு வந்தது, என் வாக்குமூலத்தின் நகலோடு. எல்லாம் இங்கிலீஷ். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"படிச்சி சொல்லுடி. நான் இன்னா தப்பு பண்ணேன்னு போட்டுக்கீது?"

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் சொன்ன அந்த இரண்டு வரியும் வந்தது. அதைச் சொல்லாமல் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

கேட்டு முடித்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனா போவுது வுடு. எனக்காக நீயாச்சும் அங்க நின்னு பேசினியே."

நான் தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.