பசுவின் பிஞ்சு ரத்தம்

பிள்ளைகளே, ரத்தம் என்றால் வெறும் சிவப்புத் தண்ணீர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மாட்டு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளைக்கார டாக்டர் ஒரு துளியை மைக்ராஸ்கோப் என்ற பெரிய பூதக்கண்ணாடியில் காட்டினார். எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன வட்டங்கள். குதிரை ரத்தத்தில் அவை அடுக்கிவைத்த தட்டுகள்போல் ஒட்டிக்கொள்ளும். மாட்டு ரத்தத்தில் தனித்தனியாகக் கிடக்கும். ஆட்டினுடையது இன்னும் பொடி. கோழியினுடையதில் நடுவே விதை வைத்ததுபோல் ஒன்று தெரியும். அந்த வட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'செல்' என்று பெயர். தமிழில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெயரால் ஒருநாள் பெரிய கூத்தாகிவிட்டது.

சிராங்கூன் சாலைப் பக்கம் பால் விற்கும் அக்கா ஒருத்தி தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். பசுவின் இமையை விலக்கிப் பார்த்தேன். ரத்தமே இல்லாததுபோல் உள்ளே வெளுத்துக் கிடந்தது. அப்போது மாடு, குதிரைகளுக்கு ஒரு நோய் பரவியிருந்தது. ரத்தத்தில் பூச்சி நெளிந்தால் மாட்டைச் சுட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. அது அவளுக்கும் தெரியும். அவள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தப் பசுவால்தான்.

டாக்டர் பசுவின் காதோரம் குத்தித் துளி எடுத்தார். ஈரமாக ஒருமுறை பார்த்தார். இன்னொரு துளியைக் கண்ணாடியில் இழுத்துக் காயவைத்து, சாயம் போட்டு மறுபடி பார்த்தார். பிறகு சிரித்தபடி என்னிடம் சொன்னார். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

"அக்கா, செல்லுல நிறைய இளங்குட்டி இருக்காம்."

அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "ஐயோ, கன்னுக்குட்டியையுமா செல்லுல போடப் போறாரு? எம் புருசன் போனது பத்தாதா? பால் குடிக்கிற கன்னு, அது என்னத்தத் திருடுச்சு?"

பசு ரோட்டில் மேய்ந்ததற்காக அவள் புருஷனைப் போலீஸ் பிடித்து அடைத்திருந்தது. அவளுக்குச் செல் என்றால் ஜெயிலில் இருக்கும் அந்த இருட்டு அறை.

"அந்தச் செல் இல்லக்கா! உங்க நெத்திப் பொட்டு மாதிரி, ரத்தத்துல சின்னதா..."

"மாட்டுக்குள்ள பொட்டா? என்ன தம்பி, கள்ளு குடிச்சிருக்கீங்களா?"

"கேளுங்கக்கா. இருந்த ரத்தத்தையெல்லாம் மாட்டு மேல ஒட்டியிருக்கிற உண்ணி குடிச்சிருச்சு. இப்ப உடம்பு புதுசா பிஞ்சு வட்டமா விடுது. பெருசும் சிறுசுமா, நீலம் பாஞ்சு, உள்ள பொடிப் புள்ளியோட."

"புள்ளியா?" அவள் குரல் இறங்கிப்போனது. "அதானே தம்பி பூச்சி?"

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. டாக்டரைக் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

"இல்லக்கா. பூச்சின்னா வட்டத்துக்கு வெளிய நெளியும். இது உள்ளயே மாவு தூவின மாதிரி. மாட்டுக்கு ரத்தம் ஊறுதுங்கிற அடையாளம்."

"அப்ப... சுட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உண்ணியை எல்லாம் எடுக்க வேண்டும், பசு தேறும்வரை பால் கறந்து விற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அது அவளுக்குப் பெரிய கஷ்டம்தான்.

"கன்னு குடிக்கட்டும். நாங்க எப்படியோ பாத்துக்கிறோம்" என்றாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. அவள் கக்கத்தில் வைத்திருந்த குடையை விரித்தாள். பசுவின் தலைமேல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடந்து போனாள்.